மாலைக்கு ஐஸ்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் கோத்தா கினபாலு விமானத்துக்காகக் காத்திருக்கிறோம். மூன்று மணி நேரத் தாமதம். பக்கத்தில் கிள்ளான் ஊர் அக்கா ஒருவர். மடியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கட்டி வாங்கிய கல்யாண மாலைகள். நாளைக் காலை கோத்தா கினபாலுவில் மகனுக்குக் கல்யாணம். அந்த ஊரில் மாலை கட்ட ஆள் கிடைக்கவில்லையாம்.

விமான நிறுவனத்துப் பெண் கூப்பன் நீட்டுகிறாள். “லேட்டானா சாப்பாடு உங்க உரிமை, ஆன்டி.”

“எனக்கு எதுக்கும்மா சோறு? மாலை வாடுதுலா. ஐஸ் கொடு!”

“கூப்பனுக்குக் கடையில ஐஸ் மட்டும் தர மாட்டாங்க, ஆன்டி.”

“அப்ப மாலைக்கு உரிமையே இல்லியா?”

சிரித்துக்கொண்டே நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் கூப்பனைக் கடையில் கொடுத்து ஐஸ் தேநீர் வாங்கி, அதற்கான ஐஸைத் தனியாகக் கேட்டு வாங்கி வருகிறோம். அக்கா அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மாலைக்கு அடியில் வைக்கிறார்.

ஒலிபெருக்கி இன்னும் ஒரு மணி நேரம் என்கிறது. அக்கா எழுந்துவிட்டார்.

“ஏம்மா, இன்னொரு கூப்பன்!”