மேல் பாறை

மேஜர் டல்லோக்கும் மகன் ரோரியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கீழ்ப் பாறைக்குச் சுண்ணாம்பு அடித்தது. குளிர்காலப் பனிக்கட்டி பழைய வெள்ளையைச் சுரண்டித் தின்றிருந்தது. கீழ்ப் பாறையும் குன்றின் மேலுள்ள பாறையும் ஒரே கோட்டில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் பெரிய கப்பல் மணல்திட்டில் ஏறாமல் துறைக்குள் வர முடியும்.

"பதவியைப் பிடுங்கின பிறகும் யாருக்காகப்பா இது? முதல்ல வரப்போறது அந்தக் கோயிட்டோட கப்பல்தானே" என்றான் ரோரி.

"பதவிதான்டா போச்சு. பாறை இங்கதானே இருக்கு. வாளியை இப்படிக் குடு."

மேல் பாறையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மார்பைத் தடவியபடி இறங்கினார். விடிவதற்குள் இறந்துபோனார்.

ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சின்ன நிலக்காரர் வீட்டில் பிறந்து, மீசை முளைக்குமுன் பட்டாளத்தில் சேர்ந்தவர். கியூபெக் போரில் இரண்டு விரல்களை விட்டு வந்தார். அதற்கு ஈடாக நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மீன்துறையை ஆளச் சொன்னார்கள். ஆள்வது பெயருக்குத்தான். வசந்தத்தில் எந்தக் கப்பல் துறைக்குள் முதலில் நங்கூரம் போடுகிறதோ, அதன் தலைவனே அந்தப் பருவம் முழுக்க 'அட்மிரல்'. மீன் காயப்போடும் கரையைப் பங்கிடுவதும், வழக்குத் தீர்ப்பதும் அவன்தான். வருடா வருடம் அது இங்கிலாந்தின் டெவன்காரன் கோயிட். விதவை ஹானோரா மீன் காயப்போடும் மரப்பரணைப் பிரித்து அவன் அடுப்பெரித்தபோது, மேஜர் அவனைச் சிறையில் போட்டார். வழக்கத்தை மீறிவிட்டாரென்று அவன் லண்டனுக்கு எழுதினான். மேஜரின் பதவி போயிற்று.

ரோரி அளவைக்காரன். துறை முழுக்க ஈயக்குண்டு இறக்கி ஆழம் பார்த்தவன். அப்பாவைப் புதைத்த பிறகு அவன் மேல் பாறைக்குப் போகவில்லை. கீழ்ப் பாறையின் வெள்ளையை இடம் மாற்றி அடித்துக் கோயிட்டின் கப்பலையே உடைத்துவிடலாமா என்றும் யோசித்தான். ஆனால் மூழ்கப்போவது கூலிக்கு வந்தவர்கள்; கோயிட்டுக்கு நீந்தத் தெரியும். எனவே வேறொன்றைத் தேர்ந்தான்: இந்த வருடம் கோயிட் அட்மிரல் ஆகக் கூடாது.

கோயிட்டின் கப்பல்தான் முதலில் வந்தது. வெளியிலேயே பாய் சுருட்டி நின்றது. அவன் படகில் வந்து கரையேறினான்.

"டேய் அளவைக்காரா, மேல் பாறை எங்கடா?"

"இருக்கிற இடத்துலதான் இருக்கு, கேப்டன்."

"வெள்ளை அடிக்கலையா?"

"அது அதிகாரி வேலையாச்சே. அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினது நீங்கதானே."

"உன் அப்பன் திமிர் அப்படியே இருக்கு. ஏறிப் போய் அடிடா."

ரோரி கடலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். பின்னால் வந்த சின்ன ஜெர்சித் தீவுக் கப்பல் அந்தச் சைகையைப் பார்த்துத் திட்டின் மேலேயே நேராக நுழைந்தது. கடல் ஏறியிருந்த அந்த வேளையில் அதன் அடி தட்டாது என்று அவனுக்குத் தெரியும். நங்கூரம் விழும் சத்தம் கேட்டது.

கோயிட்டின் முகம் வெளுத்தது.

"உங்க அட்மிரல் வந்துட்டாரு, கேப்டன்" என்றான் ரோரி. "போய்த் தொப்பியைக் கழற்றி, மீன் எங்க காயப்போடலாம்னு கேளுங்க."

வீட்டு வாசலில் அப்பாவின் வாளி அப்படியே இருந்தது. சுண்ணாம்பு கல்லாகியிருந்தது. பிரஷ் அதற்குள் நின்றபடியே இறுகிவிட்டது. ரோரி அதை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. நாளைக்கு என்று அவர் சொன்ன பாறை, குன்றின் மேல் கறுப்பாகவே நின்றது.