பேசில் கையை விரித்தால்

படகுக் கொட்டகையின் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு பேசில் தொங்குகிறான். கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடுகின்றன. பாக்கும் சுண்ணாம்பும் அடக்கிய கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. படகில் போகிறவர்கள் ஏதாவது விசாரித்தால் தொங்கியபடியே பதில் சொல்வான். துப்புவதற்கு மட்டும் இறங்குவான்.

"இன்னும் எவ்வளவுடா நீளணும்? தரையத் தொடணுமா?" என்பாள் அக்கா ஹில்டா, சிப்பி வில்லைகளை அரைக்கும் கல்லிலிருந்து தலை நிமிராமல்.

"நீளறதுக்கு இல்லக்கா. சுருங்காம இருக்கறதுக்கு. வயசாகுதுல்ல?"

லங்கலங்கா காயலில் பேசிலைவிட நீளமான கை யாருக்கும் இல்லை. நல்ல அர்த்தத்தில்தான் சொல்வது. நேராக நின்றால் விரல் நுனி முழங்காலை எட்டிவிடும். சட்டை வாங்கினால் உடம்புக்குச் சரியாக இருப்பது கைக்குச் சரியாக இராது. கைக்குப் பார்த்து வாங்கினால் உடம்பு உள்ளே காணாமல் போகும். ஹில்டாதான் இரண்டு சட்டைகளைச் சேர்த்து ஒன்றாகத் தைத்துத் தருவாள். தையல் வெளியே தெரியாது. அந்த விஷயத்தில் அவள் மிகவும் கறார்.

இந்தக் காயலில் பணத்தை அச்சடிப்பதில்லை, அரைக்கிறார்கள். ஆண்கள் முங்கி எடுத்துவரும் சிப்பியைப் பெண்கள் உடைத்து, துளையிட்டு, சூட்டில் வாட்டிச் சிவப்பாக்கி, கல்லில் தேய்த்து வட்ட வில்லைகளாக்குகிறார்கள். சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் முறை வைத்துக் கோத்தால் ஒரு சரம். அந்தச் சரம்தான் பணம். அது இல்லாமல் மலைட்டா தீவில் கல்யாணம் நடக்காது, சண்டை தீராது.

சாலமன் தீவுகளுக்கு வந்த மற்றப் பணமெல்லாம் இந்தக் காயலையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது. முதலில் ராஜா தலை போட்ட ஷில்லிங். பிறகு சண்டைக் காலத்தில் ஜப்பான்காரனின் காகிதம். அப்போதிருந்தவர்கள் அதில் புகையிலை சுருட்டினார்கள். நன்றாக எரிந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அப்புறம் ஆஸ்திரேலியாக்காரனின் டாலர். கடைசியில் நாடே சொந்தமாக ஒரு டாலர் போட்டுக்கொண்டது. அதைக் கொடுத்து அரிசி வாங்கலாம், டின் மீன் வாங்கலாம், படகுக்கு பெட்ரோல் போடலாம். பெண் கேட்கப் போகும்போது மட்டும் அதை நீட்டினால் பெண்வீட்டார் வேறு எங்கோ பார்ப்பார்கள்.

"காகிதத்துல தலை மாறிக்கிட்டே இருக்கும். நம்ம பணத்துல தலையே கிடையாது. எதை மாத்துவான்?" என்பது பேசிலின் வாதம். தலைநகர் ஹோனியாராவில் அரசாங்கத்துக்கு ஒரு பெரிய பேங்க் கட்டிடம் இருப்பதை யாராவது சொன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். "இதுக்கு மேல பெரிசா?"

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. சரம் என்றால் ஒரு மார் நீளம் இருக்கவேண்டும். ஒருவன் கைகளை விரித்து நின்று, சரத்தை நெஞ்சின் குறுக்காகப் பிடித்தால், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை எட்டவேண்டும். எட்டாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வில்லை சேர்த்து நீட்டித் தரவேண்டும். யார் கையால் அளப்பது என்று முடிவு செய்கிற உரிமை பெண்வீட்டாருடையது. பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணம் நிச்சயமானதும் பாதிரியாரிடம் போவதற்கு முன்னால் பேசிலிடம் வருவது அதனால்தான்.

ஒருமுறை பாதிரியாரே இந்த வழக்கத்தைச் சீர்திருத்தப் பார்த்தார். பக்கத்துப் பட்டணமான அவுக்கியின் சந்தையில் தையற்காரர்கள் வைத்திருக்கும் டேப் ஒன்றை வாங்கிவந்து, ஒரு மார் என்றால் இத்தனை என்று ஒரேயடியாகக் குறித்துவிடலாம் என்று கோயிலில் கூட்டம் போட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் ஓர் அளவு சொன்னார்கள். பையனைப் பெற்றவர்கள் வேறு சொன்னார்கள். இரண்டும் பெற்றவர்கள் பொறுத்திருந்து சொல்கிறோம் என்றார்கள். டேப் இப்போது பாதிரியாரின் மனைவிக்குத் திரைச்சீலை தைக்க உதவுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் பேசிலைச் சமாளிக்கச் செய்யாததில்லை. ஒரு வீட்டில் அக்குளில் பிடிக்கும் சட்டை ஒன்றைப் பரிசு கொடுத்து, அதையே போட்டு அளக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் முதல் நாள் முழுக்கப் படகிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்க வைத்தார்கள். சரியாக அளக்கிற நேரத்தில் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டு நகர்ந்த தாயும் உண்டு. பேசில் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, கையை விரித்தான். சொந்தச் சித்தி மகனின் கல்யாணத்தில்கூட அவன் முழங்கை மடங்கவில்லை. சித்தி அதற்குப் பிறகு இந்தப் பக்கம் படகை விடுவதில்லை.

இதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் அவன் செல்லப்பிள்ளை. ஆனால் அதே வீடுகளில் பையன்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. பேசிலுக்குப் பெண் கொடுக்கலாம் என்று அப்பா சொன்னால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். இப்படியே நாற்பதை நெருங்கிவிட்டான். தம்பியின் நேர்மையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற ஹில்டா, அதைக் கொஞ்சம் தள்ளுபடி விலைக்காவது கொடுத்துவிட முடியாதா என்று தனியாக இருக்கும்போது யோசித்ததுண்டு.

அப்போதுதான் நெஸ்டா வந்தாள். அவுக்கிச் சந்தையில் பாக்கும் சுண்ணாம்பும் விற்கிறவள். முதல் நாளே, "இவ்வளவு நீளக் கைய வச்சுக்கிட்டு சட்டைப் பையிலேருந்து சில்லறை எடுக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள். பேசில் வீடு வந்து சேரும்வரை பதில் யோசித்தான். கிடைக்காததால் மறுநாளும் பாக்கு வாங்கப் போனான்.

நெஸ்டாவுக்கு அப்பா இல்லை. வீட்டுக்கு மூத்தவர் சித்தப்பா ஆல்பன். அவருடைய மகன் கல்யாணத்தில் எல்லாச் சரமும் பேசிலின் கையில் குறைந்துபோய், அவர் தன் படகு எஞ்சினை விற்று வில்லை வாங்கியிருந்தார். பெண் கேட்டுப் போன ஹில்டாவை அவர் மிக மரியாதையாக உட்காரவைத்து மரவள்ளிக் கிழங்கும் மீனும் போட்டார். அந்த மரியாதையே ஹில்டாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஹோனியாராலேருந்து ஒரு கடைக்காரன் கேட்டு விட்டிருக்கான். கட்டுக் கட்டா காகிதம் வச்சிருக்கான். சனிக்கிழமை கப்பல்ல வரான்," என்றார் ஆல்பன். "ஆனா எங்க பொண்ணுக்கு உங்க தம்பி மேலதான் மனசு. வெள்ளிக்கிழமை சரத்தக் கொண்டாங்க. குறையில்லாம இருந்தா அன்னைக்கே பன்னிய அடுப்புல இறக்கிடலாம். குறைஞ்சா, எனக்குக் காத்திருக்க நேரமில்ல. அளக்கற ஆள நாங்கதான சொல்லணும்?"

"யாரு?"

"இதென்ன கேள்வி? பேசில்தான்."

ஹில்டா வீட்டுக்கு வந்து படகை இழுத்துக் கட்டக்கூட மறந்தாள். "முடியாதுன்னு சொல்லிடுடா. மாப்பிள்ளையே அளக்கறது எந்த ஊர் வழக்கம்?"

"சொன்னா என்ன அர்த்தம்? பேசில் கைமேல பேசிலுக்கே நம்பிக்கை இல்லன்னு ஆயிடும். இத்தனை பேர நீட்ட வச்சிருக்கேன்."

"சரி, இங்க வா. இந்தச் சரத்த ஒருதரம் பிடிச்சுப் பாரு. எவ்வளவு வேணும்னு தெரிஞ்சுக்கறேன்."

பேசில் இரண்டடி பின்வாங்கினான். "நான் இப்ப பொண்ணு வீட்டு ஆளுக்கா. மாப்பிள்ளை வீட்டுச் சரத்த முன்னாலயே தொடக் கூடாது."

"மாப்பிள்ளை நீதானடா!"

"அது வேற."

ஹில்டா வேறு வழி பார்த்தாள். வலையை உலர்த்த வேண்டும், இரண்டு முனையையும் பிடித்து விரித்துக் காட்டு என்றாள். அவன் வலையை விரித்து நின்றபோது பின்னால் வந்து, ஒரு கயிற்றை விரல் நுனிக்கு விரல் நுனி ஓட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். சரங்களை அந்த அளவுக்கு நீட்டி, மேற்கொண்டு கட்டைவிரல் அகலமும் சேர்த்தாள். கையிலிருந்த சிவப்பு வில்லை அத்தனையும் அதில் தீர்ந்தது. இனிச் சிவப்புச் சிப்பி வேண்டுமென்றால் முங்குகிற பருவம் வரவேண்டும். சரம் எல்லாம் ஒன்று போல, ஒரு வில்லை முன்பின் இல்லாமல் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் கன்னத்தில் உருட்டிப் பார்த்தாள். எங்கும் சொரசொரக்கவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆல்பன் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. காயலில் கல்யாணமான ஆண்கள் எல்லாரும், அவர்களுடைய அப்பாக்களும், அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பலருடைய மடியில் பாக்குப் பொட்டலம். நாடகம் பார்க்க வந்தவர்கள் போலத்தான் இருந்தது.

"பேசிலு, இன்னைக்கு மடங்கும் பாரு!"

"எனக்கு நீட்டினியே ராசா, உனக்கு நீட்டு பாக்கலாம்!"

பேசில் வெள்ளைச் சட்டையில் நடுவே வந்து நின்றான். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவன் அளந்ததே இல்லை. ஆல்பன் முதல் சரத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். பேசில் குதிகாலை ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, மூக்கால் காற்றை இழுத்தான். நெஞ்சு மேலே வந்தது. இன்னும் இழுத்தான். இரண்டு சட்டைகளைச் சேர்த்துத் தைத்த ஹில்டாவின் தையல் நறுக்கென்றது. கைகள் இரு பக்கமும் விரிந்து, முழங்கைகள் கம்பு போல நின்றன. சரம் உப்பிய நெஞ்சின் மேல் ஏறி இறங்கி, வலது நடுவிரலின் நகக்கண்ணோடு நின்றுவிட்டது.

"குறையுது!" என்றான் பேசில், வழக்கமாகச் சொல்கிற அதே கணீர்க் குரலில்.

முன்வரிசை கூரையைப் பெயர்த்துவிடுவது போல ஆர்ப்பரித்தது. தான் சொன்னது என்ன என்பது அப்புறம்தான் பேசிலுக்கு உறைத்தது. கையை இறக்காமல் அப்படியே நின்றான்.

"டேய்! யாரு கல்யாணம்டா இது?" என்று ஹில்டா கத்தினாள்.

ஆல்பன் பணிவாக விரலை உயர்த்தினார். "அக்கா, சரம் கையில இருக்கு. முடியறவரைக்கும் அளக்கறவர்கிட்ட உங்க பக்கம் பேசக் கூடாது. பேசினா சரம் செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஹில்டா வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் வலை விரிக்கிற நெஞ்சு வேறு, ஊருக்கு முன்னால் நிற்கிற நெஞ்சு வேறு என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்ல முடியாமல் தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினாள். உள்ளங்கையால் கீழே அமுக்கிக் காட்டினாள். பேசில் முகத்தைச் சுளித்துப் பார்த்தானே தவிர விளங்கிக்கொள்ளவில்லை. ஆல்பனின் மனைவிதான் நெஞ்சுவலி என்று எண்ணி ஓடிவந்து அவளுக்குத் தண்ணீர் புகட்டினாள்.

"அளந்தவரே சொல்லிட்டாரு," என்றார் ஆல்பன். "எல்லாச் சரமும் ஒரே அளவுன்னு பாத்தாலே தெரியுது. ரொம்ப நேர்த்தி. மிச்சத்த அளக்கணுமா தம்பி, இதோட போதுமா? பன்னிய அவுத்து விட்டுடட்டுமா?"

"இன்னொருதரம்…" என்றான் பேசில். குரல் இப்போது கணீரென்று இல்லை.

"தாராளமா."

பேசில் மறுபடியும் காற்றை இழுத்தான். பயத்தில் முன்பைவிட அதிகமாக இழுத்தான். சரம் முன்பைவிடக் குறைந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"மடக்குடா பேசிலு! கொஞ்சூண்டு! நாங்க பாக்கல!" முன்வரிசையில் ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினான். எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

பேசிலின் முழங்கை மடங்கவில்லை. ஹில்டா தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு தம்பியையே பார்த்தாள். அழுகையாக வந்தது. இப்படி ஒரு தம்பி வாய்த்ததில் பெருமையாகவும் இருந்தது. ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தது. முடிகிறவரை வெளியே வரக்கூடாத பெண் வெளியே வந்தாள். கையில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"உள்ள போ நெஸ்டா," என்றார் ஆல்பன்.

"மாப்பிள்ளை வீடுதான பேசக் கூடாது சித்தப்பா? நான் எந்த வீடு?"

ஆல்பன் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். வழக்கம் அவருக்கு உதவவில்லை.

நெஸ்டா நேராக நடந்துவந்து பேசிலுக்கு முன்னால் நின்றாள். இடது முழங்கையைப் பார்த்தாள், வலது முழங்கையைப் பார்த்தாள். இரண்டும் நேராக இருந்தன. பிறகு நெஞ்சைப் பார்த்தாள்.

"என்னைக் கட்டிக்கிட்ட அப்புறமும் இப்படித்தான் மூச்சே விடாம நிப்பீங்களா?" என்றாள்.

பேசில் அவளைப் பார்த்தான். கைகளை அப்படியே விரித்தபடி, முழங்கைகள் நீட்டியபடி, மெல்ல, மிக மெல்ல, மூச்சை வெளியே விட்டான்.