ஐந்து வினாடி பிந்தி வந்த குரல்

கொண்டச்சிக் குடாவின் குறுக்கே லேசர் ஒளியில் தரவு அனுப்பும் எங்கள் பரிசோதனை இணைப்பு, அன்றுதான் முதன்முறையாக உண்மையான வேலைக்கு வந்தது. மூன்று நாள் மழையில் தெரு மூழ்கி, தொலைபேசிக் கோபுரமும் நின்றுவிட்டது. டாக்டர் இல்லாத தென்கரைச் சிகிச்சை நிலையத்தில் என் மகள் பிரசவ வலியோடு இருந்தாள். வடகரையில் எங்கள் கருவிக் கொட்டிலில் நானும் டாக்டரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பு பச்சைக் கோடாக ஓடியது. அதைப் பார்த்துத்தான் மகளைப் படகில் ஏற்றி இந்தக் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும்.

விடியலில் கோடு சுத்தமாக வந்தது. வெயில் ஏற, ஈரத் தரையிலிருந்து ஆவி எழும்பி, ஒளிக்கற்றை கனவில் நடப்பதுபோல் தள்ளாடியது. கோடு துண்டு துண்டாக அறுந்தது.

"என்ன மிஸ், உங்கட பிழைதிருத்தி நித்திரையோ?" என்றார் டாக்டர்.

பிழைதிருத்தும் குறியீடு விழித்துத்தான் இருந்தது. அங்கொன்று இங்கொன்றாக விழும் பிழையை அது திருத்தும். ஒளி மங்கி, அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான பிட் போனால் திருத்தாது. அதற்கு இன்டர்லீவர் வேண்டும். பிட்டுகளைக் கலைத்துத் தூரத் தூர விதைத்து அனுப்பி, இந்தப் பக்கம் மறுபடி அடுக்குவது அது. எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதே இணைப்பில்தான் குரலும் போனது. மகளோடு தாமதமில்லாமல் கதைக்கவென்று இன்டர்லீவரை மிகக் குறைத்து வைத்தவள் நான். டாக்டரிடம் அதைச் சொன்னேன்.

"பிள்ளையோட கதைக்கிறதோ, பிள்ளையின்ர பிள்ளையைப் பாக்கிறதோ? ஒண்டைச் சொல்லுங்கோ. பிந்தி வந்தாலும் அறாம வந்தாக் காணும்."

தாமதத்தை ஐந்து வினாடியாகக் கூட்டினேன். ஒவ்வொரு ஒளித்துடிப்பையும் அகலமாக்கி, தரவு அனுப்பும் வேகத்தையும் குறைத்தேன். கோடு முழுசாக வந்தது.

"அம்மா, நிக்கிறீங்களோ?" ஸ்பீக்கரில் மகள்.

"நிக்கிறன் பிள்ளை."

என் பதில் போய்ச் சேருமுன் மறுபடி கேட்டாள். "நிக்கிறீங்களெண்டாச் சொல்லுங்கோவன்."

கடலுக்கு அடியிலிருந்து கதைப்பதுபோல் இருந்தது. அவள் முனகல் எனக்குக் கேட்டபோது அந்த வலியின் உச்சம் கடந்திருந்தது. நான் ஆறுதல் சொன்னதெல்லாம் முடிந்துபோன முனகல்களுக்கு.

டாக்டர் திரையில் விரல் வைத்தார். "துடிப்பு இறங்கினாலும் உடன ஏறுது. படகு வேண்டாம்."

பின்னேரம் பேரன் பிறந்தான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: காலைக் காற்றை நம்பி இன்டர்லீவருக்கு அளவு வைக்காதீர்கள், நடுமத்தியானம் போய் நின்று பாருங்கள். உங்கள் காதுக்கு எது இதம் என்று பார்த்தும் வைக்காதீர்கள்.

அன்றைய பதிவு என்னிடம் இருக்கிறது. அறுந்த இடங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. அந்த வினாடிகளில் அவன் இதயம் என்ன செய்தது என்பதை இனி எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அவன் இப்போது ஓடித் திரிகிறான். தூங்கும்போது போய் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.