மணியை மேசையில் வைத்தேன்

கூடைப்பந்துச் சட்டத்தில் எனக்கு இன்றுவரை பிடிக்காத ஒரு விதி உண்டு. அந்தக் காலத்தில் ஆட்டத்தை முடித்தது கடிகாரம் அல்ல, நேரக்காப்பாளரின் மணி. மணி ஒலிக்கும்போது பந்து கையைவிட்டுப் போயிருந்து, அது கூடைக்குள் விழுந்தால் புள்ளிதான். மணி பிந்திவிட்டது என்று நேரக்காப்பாளரே ஒப்புக்கொண்டால்தான் நடுவர் அதைத் தள்ளுவார். இத்தனை பெரிய பாரத்தை என்னைப் போன்ற கோழையின் தலையில் கட்டியவர்களை என்ன சொல்ல!

1930களின் தொடக்கம். கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியர். நாலு வருஷமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பங்குச் சாமியார். அவருக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். அந்த வருஷம் எங்கள் பங்கு அணியும் கண்டி டவுனில் கணக்கெழுதும் கிளாக்கர்மாரின் அணியும் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. கிளாக்கர்மாரின் தலைவர் என் மனைவியின் அண்ணன். நேரக்காப்பாளர் நான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்? சாமியார் தன் பைக்கடிகாரத்தையே என் கையில் தந்தார். பள்ளிக்கூடத்துக் கைமணியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

மழையால் ஆட்டம் பிந்தித் தொடங்கியது. கடைசி நிமிடத்தில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். என் இடது கையில் கடிகாரம், வலது கையில் மணி. இன்னும் ஐந்து விநாடி இருக்கும்போது கோயிலில் ஆறு மணித் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்தது. அது கேட்டால் கத்தோலிக்கர் நாங்கள் எங்கே இருந்தாலும் அப்படியே நின்று ஜெபிப்பது வழக்கம்.

பிறந்ததிலிருந்து அந்த ஓசைக்குப் பழகிய உடம்பு. யோசிக்கவே இல்லை. கைமணியை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டேன். மைதானத்திலும் அதே கதைதான். மச்சான் நெற்றியில் விரலோடு அப்படியே நின்றுவிட்டாராம். எங்கள் அணியில் இருந்த ஒரே இந்து, புசல்லாவைத் தோட்டத்து வாலிபர், அவர் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்.

கண்ணைத் திறந்தேன். முள் நேரத்தைத் தாண்டி நாலு விநாடி போயிருந்தது. பந்து அப்போதும் அந்த வாலிபர் கையில்தான் இருந்தது. பதறிப்போய் மணியைத் தூக்கி அடிப்பதற்குள் பந்தை எறிந்துவிட்டார். அது கூடைக்குள் விழுந்தது.

நடுவர் தபால் கந்தோர் உத்தியோகத்தர். அவர் கண் முழுக்கப் பந்தின் மேல் இருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. மச்சானும் அவரும் மேசைக்கு வந்தார்கள்.

"மணி அடிக்கிறப்போ பந்து கையிலயா, காத்துலயா?" என்று மச்சான் நடுவரைக் கேட்டார்.

"காத்துல," என்ற நடுவர் என் பக்கம் திரும்பினார்.

"மணி நேரத்துக்குத்தானே அடிச்சீங்க?"

சாமியார் என் கதிரைக்குப் பின்னால் நின்றார். அவருடைய கடிகாரம் என் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. உண்மையைச் சொன்னால் இன்னும் எத்தனை வருஷம் தற்காலிகமோ! பொய் சொன்னால் எதிரே நிற்பது மச்சான். எலிப்பொறிக்குள் இருந்துகொண்டு எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

"ஆமாங்க," என்றேன்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "அவரே சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். சாமியார் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நான் வெறுத்தேன்.

டவுனுக்கு இறங்கும் பாதையில் மச்சான் என்னோடு நடந்து வந்தார்.

"மணி மேசையில கெடந்தத நான் பாத்தேன், மச்சான்."

நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்கள யாரு நிரந்தரமாக்குறது? அந்தக் கடிதாசிக்காகத் தங்கச்சி எத்தன நேத்திக்கடன் வச்சிருக்கு!"

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மைதானத்துக்கும் வரவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கடிதம் அடுத்த மாதம் வந்தது. மனைவி மெழுகுவர்த்தி கொளுத்தக் கோயிலுக்கு ஓடினாள். பாடவேளைக்கு மணி அடிக்கும் பொறுப்பை என்னிடமே தந்தார் சாமியார், நேரம் தவறாதவன் என்று பாராட்டி. அதே கைமணி. இருபத்திரண்டு வருஷம் அடித்தேன். ஒரு நாளும் பிந்தவில்லை.