மேற்கே பார்த்த பால்கனி

உமா மகேஸ்வரி தென்காசியில் ஒரு இன்ஜினீயர் ஆபீஸில் பதினெட்டு வருடமாக பிளான் போடுகிறவள். ஊரில் நூறு வீடாவது அவள் வரைந்தது. குடியிருப்பது வாடகை வீடு. இதில் அவளுக்கு வருத்தமில்லை, அவள் கணவர்தான் அடிக்கடி சங்கடப்படுவார்.

சந்தைக்குப் பின்னால் பதினான்கு சென்ட். அங்கே குடிசை போட்டிருந்த இருபத்துநாலு குடும்பங்களுக்கும் அதே இடத்தில் அரசு அடுக்குமாடி. நாலு தளத்துக்கு மேல் அனுமதி இல்லை. எப்படி மடக்கிப் போட்டாலும் இருபத்துமூன்று வீடுதான் வந்தது. பட்டியலில் கடைசிப் பெயர் முப்பிடாதி, சந்தையில் வாழையிலை விற்கிறவள். அவளுக்கு இலத்தூர்ப் பக்கம் வீடு என்றார்கள். அங்கிருந்து முதல் பஸ் வந்து சேர்வதற்குள் இலை ஏலமே முடிந்துவிடும்.

ஆனி மாதம், குடிசைகளைப் பிரித்த தரையில் உமா கீழ்த்தளத்தைச் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் போட்டுக் காட்டினாள். ஐந்து வீடு, ஒரு மோட்டார் அறை. மேற்கே வீட்டுக்கு வீடு நாலடி பால்கனி. குற்றால மலை தெரியட்டுமே என்ற தாராளம். பெண்கள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

"ஏட்டி, சுவத்துக்குள்ள பூந்து வாரியே, வாசல் அங்கனல்லா இருக்கு!"

முப்பிடாதி மட்டும் செருப்போடு வெளியே நின்றாள்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் உமா.

"எனக்குத்தான் வீடு இல்லல்லா தாயி."

அந்நேரம் சாரல் காற்று அடித்தது. பால்கனிகளில் நின்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இல்லாத சுவருக்கு இந்தப் பக்கம் ஒதுங்கினார்கள்.

முப்பிடாதி சிரித்துவிட்டாள். "மூணு மாசம் ஒருத்தரும் அங்கன நிக்க மாட்டாவ. துணி போட்டாலும் காயாது. யாருக்கு தாயி அது?"

உமாவுக்குச் சுரீரென்றது. அவள் வீட்டு மேற்கு ஜன்னலில் ஆனி பிறந்ததுமே பிளாஸ்டிக் தாள் அடித்தாகிவிட்டது. ஊருக்கு வருகிறவர்களிடம் சாரலைப் பற்றிப் பெருமையடித்து, அதற்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர்க்காரிதான் அவளும்.

மறுபடி வரைந்த பிளானில் பால்கனிகள் போயின, துணி காய மொட்டைமாடியில் கூரை வந்தது. கீழே மிச்சமான நாலடிக்குள் மோட்டாரும் மீட்டர் பெட்டிகளும் அடங்கின. மோட்டார் அறை இருந்த இடத்தோடு கொஞ்சம் சுவர்களை நகர்த்தியதும் இருபத்துநாலாவது வீடு உட்கார்ந்தது. மேலிடத்துக் கையெழுத்தும் ஆச்சரியமாக ஒரே மாதத்தில் விழுந்தது.

உமா மறுபடி சுண்ணாம்புப் பையோடு போய், முதலில் அந்த வீட்டைப் போட்டாள். முப்பிடாதி செருப்பைக் கழற்றி, வாசல் வழியாகவே நுழைந்து, நாலு பக்கமும் பார்த்தாள்.

"அடுப்படி சின்னதாட்டுல்லா இருக்கு?"

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் உமாவிடம் குறை சொல்லியிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது இதற்குத்தான்.

"ஆமாக்கா, சின்னதுதான்" என்றாள் உமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சுண்ணாம்பு விழுந்துட்டா தாயி?"

"ஆமா" என்றாள்.