பொழுதுபோக்கு என்று எழுதிக் கொடுத்தேன்

2006 வாக்கில் என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் ஒரு வரி இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் எனக்குச் சம்பளம் கொடுக்க ஒருத்தரும் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆனால் திருப்பூருக்குப் பின்னல் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனி, அதன் கையேடுகளைத் தமிழில் எழுதித் தர ஆள் தேடியது. சம்பள ஆளாக வைத்துக்கொள்ள மாட்டார்களாம். ஃப்ரீலான்ஸ், அதாவது சொந்தத் தொழில் கணக்கில் என்றால், வருஷம் முழுக்க வேலை தருவார்களாம். மாதிரிக்கு இருபது பக்கம் செய்து கொடுத்தேன். ஊசி உடைந்தால் எந்த விசையை முதலில் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரமாதம் என்று நன்றிக் கடிதம் வந்தது. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு என் சாம்பாருக்கு மட்டும்தான் அந்த வார்த்தை கிடைத்திருந்தது.

அந்த விசா வரியை மாற்றச் சொல்லி வெளிநாட்டவர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஃபைலை என் கணவர் தயாரித்தார். நம் ஊர் அரசாங்க ஆபீஸ்களில் பழகிய கை. அவர்கள் கேட்டது ஐந்து காகிதம்; இவர் முப்பது வைத்தார். கல்யாணப் பத்திரிகை முதல் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை உள்ளே போயிற்று. எதுக்கும் இருக்கட்டும் என்று நன்றிக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பதினைந்து வருஷம் இந்த ஊரில் ஓடாகத் தேய்ந்து, அப்போதுதான் ஜெர்மன் வகுப்புக்கு நேரம் கிடைத்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அங்கே என் பக்கத்து இருக்கை. "கேட்டதை மட்டும் குடுங்கோ. கேளாத கடிதம் ஒண்டையும் காட்டாதேங்கோ" என்று முன்பே எச்சரித்திருந்தார். வீட்டில் சொன்னேன். அவங்க அகதியா வந்தவங்க, நம்ம கேஸ் வேற என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கடிதத்தை நான் உருவி எடுக்கவில்லை. அந்தக் கோபம் இன்றும் என்மேல்தான்.

அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கணவர் ஆங்கிலத்தில் பேசினார். அவளும் அவரிடமே கேட்டாள். நான் பூச்சாடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஃபைலைத் திறந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அனுமதி இல்லாமலே தொழில் ஆரம்பித்தாயிற்றா என்றாள். இதைப் பதிவு செய்தால் உங்கள் விசாவையும் மறுபடி பார்க்க வேண்டிவரும் என்று அவரிடம் சொன்னாள். அவருக்கு வியர்த்துவிட்டது.

அது மாதிரிப் பக்கங்கள்தான், காசு வாங்கவில்லை, தொடங்கத்தான் அனுமதி கேட்கிறோம் என்று ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முழங்கையை அழுத்தினார்.

"ஒன்லி டைம்பாஸ், மேடம். ஷீ இஸ் ஹவுஸ்வைஃப்."

அவள் முகம் தெளிந்தது. பொழுதுபோக்கு என்றால் குற்றமில்லை, ஆனால் அனுமதியும் தேவையில்லை, அப்படியே எழுதிக் கொடுத்து மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்றாள். ஜெர்மனில் எழுத வேண்டும். அவருக்கு ஜெர்மன் வராது. காகிதம் என் பக்கம் நகர்ந்தது.

எனக்குத் தொழில் செய்யும் எண்ணம் இல்லை, ஓய்வு நேரத்தில் விளையாட்டாகச் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிழை கிடையாது. அவள் படித்துவிட்டு முதல்முறையாக என்னிடம் பேசினாள். உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறதே என்றாள். அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது.

படியிறங்கும்போது கணவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அப்பாடா, தப்பிச்சோம்."

"நீங்க தப்பிச்சீங்க" என்றேன்.

விசா போயிருந்தால் இரண்டு பேரும்தானே மூட்டை கட்ட வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். அன்று மதியம் கம்பெனிக்கு நானே ஃபோன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் வேலை அதிகம் என்றேன்.