டவர் அக்கா போட்ட பல்சக்கரம்

கட்டட வேலையிடத்தில் அவளை எல்லாரும் டவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் என்கிற உயரக் கிரேனின் உச்சியில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கீழே வருவாள். நாற்பத்தாறு வயது, வாட்டசாட்டமான உடம்பு. அந்த உடம்பைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், "ஏன், தூக்கிப் பாக்குறியா?" என்று கேட்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கீழேயிருந்து மேஸ்திரி வயர்லெஸ்ஸில், "ரெண்டு டன்தான்க்கா, தூக்குங்க" என்பார். அவள் நம்பவே மாட்டாள். கொக்கியை லேசாக இழுத்து, எடை காட்டும் மீட்டரைப் பார்ப்பாள். அது மூன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். "உங்க ரெண்டு டன்னு நல்லா தின்னு வளந்திருக்கு. பாதிய எறக்குங்க" என்பாள். அடுத்தவன் சொல்லும் எடையை நம்பாதே, பாரம் கூடினால் வேகத்தைக் குறை. அவளுடைய வேதம் இவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்டவள் சைக்கிள் விஷயத்தில் மட்டும் போன வருஷம் கோட்டை விட்டாள். அவளுடைய தம்பி பந்தயங்களில் ஓட்டியவன், ஒல்லிப்பிச்சான். தான் ஓட்டிக் கழித்த கிராவல் சைக்கிளை அக்காவுக்குக் கொடுத்தான். கிராவல் சைக்கிள் என்றால் ஒன்றுமில்லை, சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே அகல டயர் போட்டது. அதை எடுத்துக்கொண்டு, சைக்கிள் சங்கத்தார் வருஷா வருஷம் கல்குவாரிக் குன்றைத் தாண்டிப் போகும் பயணத்துக்கு அவளும் போனாள். கடைசி ஏற்றத்தில் தம்பியின் கியர் அவள் காலுக்கு அசைந்தே கொடுக்கவில்லை. காலை ஊன்றினாள், தள்ளினாள், கடைசியில் பின்னால் வந்த வேனில் அவளையும் சைக்கிளையும் ஏற்றிவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வேனிலிருந்து இறங்கியபோது மேலே நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். வேனில் வந்தவளுக்கு எதற்கு ஐயா கைதட்டல்? பரிதாபத்துக்குத்தானே! வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவி வெளியே வந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "அடுத்த வருஷம் அந்த ஏத்தத்துல என் காலு தரையில படாது. வேகம் வேணாம், பரிசு வேணாம். கால் படக்கூடாது, அவ்வளவுதான்."

"படாதும்மா" என்றார் அவர். பேக்கரியில் ரொட்டி அடுப்புக்கு முன் நிற்கும் மனுஷர். அதிகம் பேச மாட்டார். அதற்குப் பின் பல மாதங்கள் அவர் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார். மேஜை முழுக்க ஹேண்டில்பாரும் பிரேக் தட்டும் செயினும் பரப்பிக் கிடந்தன. புது ஃப்ரேம் சுவரில் சாய்ந்து நின்றது. யாரும் கழித்துப்போட்டது வேண்டாம், ஒவ்வொரு உறுப்பையும் தானே பார்த்துப் பொறுக்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கடைக்கார மெக்கானிக், எடை குறைந்த ஹேண்டில்பார் ஒன்றை ஆசையாக எடுத்துக் காட்டினார். "நூறு கிராம் குறையும்க்கா."

"எங்க வீட்டுக்காரர் பேக்கரியில இருக்காரு. அந்த நூறு கிராமை ஒரே பன்னுல ஏத்திடுவேன். கெட்டியானதா குடுங்க" என்றாள். டயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஃப்ரேமில் எவ்வளவு அகலம் நுழையுமோ அவ்வளவு அகலம் வாங்கினாள்.

சண்டை வந்தது பல்சக்கரத்தில்தான். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு நாற்பத்திரண்டு பல் என்று தம்பி சொல்லிவிட்டான். "நாப்பதுக்குக் கீழ போனா சங்கத்துல சிரிப்பாங்கக்கா. மானம் போயிடும்."

மறுநாள் வேலையிடத்தில், கம்பிக்கட்டு நிறுக்கும் எடை மேடையில் ஏறி நின்றாள். பயணத்துக்குப் போடும் அதே ஷூ, முதுகில் பை, பைக்குள் தண்ணீர், டியூப், பம்ப் எல்லாம் வைத்துக்கொண்டு. எவ்வளவு காட்டியது என்பது நமக்கு எதற்கு? அவள் மறைக்கவில்லை. நேரே கடைக்குப் போய், அங்கே இருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

மெக்கானிக் அதை அப்படியே சீட்டில் குறித்துக்கொண்டார். "இங்க வர்றவங்க எல்லாரும் பத்து கிலோ கொறைச்சுத்தான் சொல்லுவாங்க. அப்புறம் ஏத்தத்துல முட்டி வலிக்குதுன்னு என்னைத் திட்டுவாங்க" என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முன்னால் முப்பது பல். பின்னால் இருப்பதிலேயே பெரியது ஐம்பது பல். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே உருளும், அவ்வளவே. அந்தப் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினைத் தள்ளும் கை சாதாரண சைக்கிளில் கிடையாது என்பதால், மலை சைக்கிளுக்கானதை வரவழைத்தார்கள்.

வண்டி தயாரானதும் தம்பி வீட்டுக்கு வந்து பார்த்தான். "என்னக்கா இது, பின்னாடி சாப்பாட்டுத் தட்டு, முன்னாடி டீ சாசரு!"

"பாரத்துக்கு ஏத்த பல்லுடா."

"எறக்கத்துல வேகமே வராது. காலு சும்மா சுத்தும்."

"எறக்கத்துல எதுக்குடா மிதிக்கணும்? அதான் எறக்கமாச்சே!"

உள்ளேயிருந்து அவள் புருஷன் சிரிக்கும் சத்தம் கேட்டது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பட்டாத்தான் உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பயண நாள் வந்தது. தம்பி முதல் கூட்டத்தோடு பறந்துவிட்டான். அவள் கடைசியிலிருந்து எண்ணினால் சட்டென்று அகப்படும் இடத்தில் வந்தாள். குவாரி வளைவு தாண்டியதும் அந்த ஏற்றம் எழுந்து நின்றது. போன வருஷம் கால் ஊன்றிய இடம் தூரத்திலேயே தெரிந்தது. செயினை ஐம்பதுக்குத் தள்ளினாள். கால் சுற்றியது. சரளை நறநறத்தது. சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்று அவளுக்கே சந்தேகம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்த வேகம்.

பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவர் அவளை முந்திக்கொண்டு போனார். பாவம், நல்ல மனசோடு திரும்பிப் பார்த்தார். "அக்கா, எறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம்."

"தெரியும்பா. நீ வழிய விடு" என்றாள் மூச்சுக்கு நடுவில். போன வருஷத்து இடம் பின்னால் போயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மேலேயிருந்து யாரோ சர்ரென்று இறங்கி வருவது தெரிந்தது. தம்பி. எப்போதோ உச்சிக்கு ஏறிவிட்டவன், அக்காவைக் காணோமே என்று தேடி வந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினான். "கூடவே வரேன்க்கா, ரெண்டு பேரும் சேந்து ஏறுவோம்" என்று பக்கத்தில் மிதிக்க ஆரம்பித்தான்.

அவன் கியருக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை. வேகமாகப் போனால் ஏறும். அவளோடு போனால் பெடல் நகர மறுக்கிறது. எழுந்து நின்று மிதித்தான். ஹேண்டில்பார் இடமும் வலமும் தள்ளாடியது. "அக்கா, கொஞ்சம் வேகமா போயேன்!" என்று கெஞ்சினான்.

"இதான்டா என் வேகம்."

சரளையில் டயர் வழுக்கியது. தம்பி டக்கென்று காலை ஊன்றினான். மறுபடி ஏறப் பார்த்தான். அந்தச் சரிவில் அவன் சக்கரம் கிளம்பவே இல்லை. அக்கா நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவன் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தான். "விடாதக்கா, விட்டுடாத, இன்னும் கொஞ்சம்தான், கல்லு இருக்கு, எடப்பக்கம் வா, அப்படித்தான்!" என்று தொண்டை கட்டக் கத்தினான்.

உச்சியில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சங்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். சங்கத்தில் எல்லாரையும்விட வேகமாக ஓட்டுகிறவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்ன சார், முடியலையா?"

"முடியலம்மா" என்றான் தம்பி. மூச்சு இரைத்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு. "எங்க அக்கா ஓட்டுறா பாரு, அந்த மாதிரி ஓட்ட என்னால முடியல."

டவர் அக்கா கொடிக்கம்பத்தை ஒரு கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் பெடலில்தான் இருந்தன.

"வந்துட்டோம்க்கா, எறங்கு" என்றான்.

"இருடா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."